டால்பின் நோஸ்: இறங்கிப் போய் ஏறி வர வேண்டிய பாறை

மலைக்குப் போனால் முதலில் மூச்சு வாங்கும், திரும்பும்போது கால் தானாக இறங்கும். கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் இருக்கும் டால்பின் நோஸ் பாறைக்கு இந்தக் கணக்கு தலைகீழ். ஊர் மேலே இருக்கிறது, பாறை கீழே இருக்கிறது. தெம்பாக இருக்கும்போது இறங்குகிறீர்கள். களைத்த பிறகு ஏறுகிறீர்கள். இறங்கும்போது வாங்கிய கடனை ஏறும்போது வட்டியோடு கட்ட வேண்டும்.

எப்போது கிளம்புவது, எவ்வளவு தண்ணீர் எடுப்பது, யாரைக் கூட்டிப்போவது, எந்த இடத்தில் திரும்புவது என்று இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா முடிவும் இந்தக் கடன் கணக்கிலிருந்தே வருகிறது.

## ஒரு பார்வையில்

- தொடங்கும் இடம்: வட்டக்கானல். கொடைக்கானல் ஏரிப் பகுதியிலிருந்து ஏறக்குறைய 5 கி.மீ.
- நடைத் தூரம்: வண்டியை எங்கே விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு பக்கம் ஒன்றரை முதல் இரண்டு கி.மீ.
- நேரம்: இறங்க 30 முதல் 45 நிமிடம். ஏற 45 நிமிடம் முதல் ஒன்றேகால் மணி நேரம். பாறையில் அரை மணி. மொத்தம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.
- ஏற்ற காலம்: ஜனவரி முதல் மார்ச் வரை. கூட்டம் தாங்குவீர்கள் என்றால் ஏப்ரல், மே.
- தவிர்க்க வேண்டிய காலம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்கள்; எந்த மாதமானாலும் முந்தின நாள் கனமழை பெய்திருந்தால்.
- யாருக்கு வேண்டாம்: மூட்டு வலி, இதய நோய், கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள். இவர்களுக்கான மாற்று இடங்கள் அத்தியாயத்தின் பின்பகுதியில் உள்ளன.

குறிப்பு: நீலகிரியில் குன்னூருக்கு அருகிலும் இதே பெயரில் ஒரு காட்சிமுனை உண்டு. கைப்பேசி வரைபடத்தில் தேடும்போது 'வட்டக்கானல்' என்று சேர்த்துத் தேடுங்கள்.

## பாறையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

பழனி மலையின் தென்சரிவு பெரியகுளம் சமவெளியை நோக்கிச் செங்குத்தாக விழுகிறது. அந்தச் சரிவின் விளிம்பிலிருந்து, டால்பினின் மூக்கு நீட்டிக்கொண்டிருப்பதுபோல், தட்டையான ஒரு பாறை வெட்டவெளிக்குள் நீண்டு நிற்கிறது.

இந்த மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் கடினமான பாறையால் ஆனது. கொல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கும் கல் இதே வகை. அவர் பெயரையே நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்குச் சூட்டினார். கடினமானதுதான், ஆனாலும் இதில் நெடுக்கும் குறுக்குமாக வெடிப்புகள் உண்டு. அவற்றில் நீர் இறங்கி இறங்கி, அடியில் இருக்கும் துண்டுகள் கழன்று விழுகின்றன. மேலே இருக்கும் பலகை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

உங்களுக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பாறையின் மேல் நிற்பவருக்கு, அதன் அடியில் கல் இருக்கிறதா காற்று இருக்கிறதா என்று தெரியாது. விளிம்பை மேலிருந்து பார்த்து எடைபோட முடியாது.

## முதல் நாளே முடிக்க வேண்டியவை

1. இ-பாஸ்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ கொடைக்கானல் வருபவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம். தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் எடுத்து, கைப்பேசியில் படமாகச் சேமித்துவையுங்கள். மலைப்பாதையில் சிக்னல் போய்விட்டால் சோதனைச்சாவடியில் தவிக்க வேண்டாம்.
2. வானிலை: மழை உண்டா என்று மட்டும் பார்க்காதீர்கள். இடி மின்னல் எச்சரிக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள்.
3. பாதை திறந்திருக்கிறதா: மழை, மரம் விழுதல், விலங்கு நடமாட்டம், விபத்து போன்ற காரணங்களால் வனத்துறை அவ்வப்போது பாதைகளை மூடும். தங்கும் விடுதியிலோ வண்டி ஓட்டுநரிடமோ இரவே கேட்டுவிடுங்கள்.
4. வண்டி ஏற்பாடு: வட்டக்கானல் சாலை குறுகலானது, நிறுத்த இடமும் குறைவு. விடுமுறை நாளில் சொந்தக் காரை எடுத்துப்போய் மாட்டிக்கொள்வதைவிட, உள்ளூர் வாடகை வண்டியில் போய், திரும்பும் நேரத்தைப் பேசி வைப்பது நல்லது.
5. ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்: எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று விடுதியில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

## பையில் என்ன இருக்க வேண்டும்

- ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். கொடைக்கானலில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. நகரில் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன.
- கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வாழைப்பழம். சிப்ஸ் பொட்டலம் வேண்டாம். அந்தச் சரசரப்புக்கே குரங்கு வந்துவிடும்.
- மெல்லிய மழைக்கோட்டு. குடை வேண்டாம், விளிம்பில் காற்று பிடித்து இழுக்கும்.
- கழற்றிப் போடக்கூடிய ஸ்வெட்டர் ஒன்று. கிளம்பும்போது குளிரும், ஏறும்போது வியர்க்கும்.
- தொப்பி. குளிராக இருந்தாலும் 2,000 மீட்டருக்கு மேல் வெயில் தோலைக் கருக்கும்.
- ஒரு சிறு துணி முடிச்சில் கல் உப்பு. மழைக்காலத்தில் அட்டைக்கு உதவும்.
- பேண்டேஜ் துணி, பஞ்சு, கிருமிநாசினி, உங்கள் அன்றாட மருந்துகள்.
- டார்ச். கைப்பேசி விளக்கை நம்பாதீர்கள்.
- குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு துணிப்பை.

காலணி: அடிப்பகுதியில் பள்ளம் பள்ளமாகப் பிடிமானம் உள்ள ஷூ. ஹவாய் செருப்பு, தட்டை அடி கான்வாஸ், குதிகால் செருப்பு மூன்றும் வேண்டாம். புது ஷூவை இந்த நடைக்கென்று முதல்முறை போடாதீர்கள்; இறக்கத்தில் கட்டைவிரல் முன்னால் இடித்துக் கொப்புளமாகும்.

## நடை, படிப்படியாக

1. காலை 7 மணிக்குள் தொடங்குங்கள். கீழே சமவெளி சூடேற ஏற, ஈரக்காற்று சரிவைப் பிடித்து மேலே வந்து மூடுபனியாகும். பல நாட்களில் 11 மணிக்குப் பிறகு பாறையில் நின்றால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

2. தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்க ஆகும் நேரத்தைப் போல இரு மடங்கை ஏறுவதற்கு ஒதுக்குங்கள். 40 நிமிடத்தில் இறங்கினால் ஏற 80 நிமிடம். முன்னதாக வந்துவிட்டால் லாபம்தானே.

3. முதல் பகுதி, ஊர்ச் சரிவு. வீடுகளும் தங்கும் விடுதிகளும் தேநீர்க் கடைகளும் உள்ள சரிவான பாதை. இஸ்ரேலியப் பயணிகள் அதிகம் வந்து தங்குவதால் 'குட்டி இஸ்ரேல்' என்று பெயரெடுத்த ஊர் இது. ரொட்டி ஆம்லெட்டுக்குப் பக்கத்திலேயே ஹம்மஸும் கிடைக்கும். போகும்போது வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். அதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

4. இரண்டாம் பகுதி, வேர்ப்படிகள். மரங்களுக்கிடையே பாதை குறுகும். மண் அரித்துப்போய் வேர்கள் வெளியே தெரியும், அவைதான் படிகள். வேரின் மேலே மிதிக்காமல் வேருக்கும் வேருக்கும் நடுவே உள்ள மண்ணில் காலை வையுங்கள். நனைந்த வேர் சோப்பைப்போல வழுக்கும்.

5. இறங்கும் முறை. சிறு சிறு அடி. முழங்காலை விறைக்காமல் சற்று மடக்கியே வையுங்கள். செங்குத்தான இடத்தில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்குங்கள். கழி இருந்தால் முதலில் கழி, பிறகு கால். கழிக்காக மரக்கிளையை ஒடிக்காதீர்கள்.

6. பாதிவழியில் ஒரு சோதனை. நின்று, திரும்பி, 20 அடி மேலே ஏறிப் பாருங்கள். தொடை நடுங்குகிறதா? ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் பேச முடியவில்லையா? அப்படியென்றால் இதுதான் உங்கள் டால்பின் நோஸ். இங்கேயே உட்கார்ந்து காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

7. பாறையை அடைதல். மரங்கள் விலகி வெளிச்சம் வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். பாறை கண்ணில் பட்டதும் ஓடிப்போவதுதான் இயல்பு. முதலில் பின்னால் உள்ள அகலமான இடத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் இளைப்பாறுங்கள். கால் நடுக்கம் நின்ற பிறகுதான் பாறைக்குப் போக வேண்டும்.

8. திரும்புதல். தண்ணீரில் பாதி மிச்சம் இருக்க வேண்டும். 15 நிமிடம் நடை, இரண்டு நிமிடம் ஓய்வு என்று ஏறுங்கள். குழுவில் மிக மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும்; மற்றவர்கள் அவர் வேகத்துக்கு நடக்க வேண்டும்.

உள்ளூர்க் குறிப்பு: வழியில் யாரிடமாவது "இன்னும் எவ்வளவு தூரம் அக்கா?" என்று கேட்டால் "இந்தா பக்கத்துலதான் தம்பி" என்பார்கள். அவர்களுடைய பக்கம் வேறு, நம்முடைய பக்கம் வேறு. "திரும்பி ஏற எவ்வளவு நேரம் ஆகும் அக்கா?" என்று கேளுங்கள். உங்கள் காலையும் ஷூவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரியான பதில் சொல்வார்கள்.

## பாறையின் மேல்

1. வனத்துறை வேலியோ கயிறோ அறிவிப்புப் பலகையோ வைத்திருந்தால் உங்கள் எல்லை அதுவே. அதைத் தாண்டி இன்னொருவர் நிற்கிறார் என்பது அனுமதி ஆகாது.
2. வேலி இல்லாத இடத்தில் ஓர் ஆள் நீளம் என்பது விதி. கால் தடுக்கி முகம்குப்புற விழுந்தாலும் தலை பாறையின் மேலேயே இருக்க வேண்டும். விளிம்பிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளியே நில்லுங்கள்.
3. பாறை ஈரமாக இருந்தால், பச்சையாகவோ கறுப்பாகவோ பாசி படிந்திருந்தால் ஏறவே வேண்டாம்.
4. ஒரு நேரத்தில் ஒருவர் அல்லது இருவர். கூட்டமாக ஏறினால் ஒருவர் திரும்பும்போது அவருடைய பை இன்னொருவரைத் தள்ளும். முதுகுப்பையைக் கழற்றிவைத்துவிட்டுப் போங்கள்.
5. விபத்து பெரும்பாலும் படத்தால்தான் வருகிறது. கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டு ஓரடிகூட எடுத்துவைக்காதீர்கள், முக்கியமாகப் பின்னால். படம் எடுப்பவர் உட்கார்ந்தபடி எடுக்கட்டும்.
6. தொப்பியோ கைப்பேசியோ உருண்டால் உருளட்டும். அதை எட்டிப் பிடிக்கப் போகாதீர்கள்.
7. கல்லை உருட்டிவிடாதீர்கள். கீழே ஆளும் மாடும் போகும் பாதைகள் இருக்கின்றன.

படக் குறிப்பு: பாறையின் நல்ல படம் பாறையின் மேலிருந்து வராது. நுனியில் நிற்பவருக்குப் பள்ளத்தாக்கு மட்டுமே கிடைக்கும். மூக்கின் வடிவம் கிடைக்காது. பாதையில் சற்று மேலே தள்ளி, பக்கவாட்டில் நின்று எடுத்தால் பாறையும் வெளியும் சேர்ந்து விழும். பாறையின் நடுவில் உட்கார்ந்திருப்பவரும் அந்தக் கோணத்தில் நுனியில் இருப்பவர்போலவே தெரிவார்.

## அடிக்கடி நடக்கும் ஐந்து தவறுகள்

- கொடைக்கானல் சுற்றுலாப் பட்டியலில் கடைசி இடமாக வைப்பது. தூண் பாறை, பைன் காடு, படகு எல்லாம் முடித்து மூன்று மணிக்கு இறங்குபவர்கள், களைத்த காலோடு இருட்டில் ஏறுகிறார்கள்.
- இறக்கம் எளிது என்று தாத்தா பாட்டியையும் கூட்டிப்போவது. இறங்கும்போது முழங்கால் வலிக்கும். ஏறும்போது நெஞ்சு அடைக்கும்.
- குறுக்கு வழி. பாதை வளையும் இடங்களில் நேராக இறங்கும் தடங்கள் தெரியும். அவற்றில் சில, மழைநீர் அரித்த ஓடைகள். சில, மாடு போன வழிகள். பாதையை விட்டு விலகாதீர்கள்.
- மது. விளிம்புக்கும் தள்ளாட்டத்துக்கும் ஒத்துவராது. போதைக் காளான் என்று யாராவது நீட்டினால் விலகிப் போங்கள். வாங்குவதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். மலைவிளிம்பில் அது உயிருக்கும் ஆபத்து.
- நெருப்பு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புல் காய்ந்து கிடக்கும். ஒரு பீடித்துண்டு போதும்.

## எது வந்தால் என்ன செய்வது

மூடுபனி: பாறையின் மேல் இருக்கும்போது சூழ்ந்தால் நடக்காதீர்கள். அப்படியே உட்காருங்கள். குரல் கொடுத்து எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் விலகும். விலகாவிட்டால் உட்கார்ந்த நிலையிலேயே, வந்த திசையில் கையால் தடவித் தடவி நகருங்கள்.

இடி, மின்னல்: முதல் இடி கேட்டதும் பாறையை விட்டு இறங்கிப் பாதைக்கு வந்துவிடுங்கள். வெட்டவெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையும், தனியாக நிற்கும் மரமும் மின்னலுக்குப் பிடித்த இடங்கள்.

காட்டுமாடு: காட்டெருமையை இங்கே காட்டுமாடு என்பார்கள். கொடைக்கானல் தெருக்களிலேயே மேயும், சாதுவாகத் தெரியும். குன்றுபோன்ற அந்த உடம்பு ஓடத் தொடங்கினால் மனிதனால் முந்த முடியாது. படம் எடுக்க நெருங்காதீர்கள். அதன் வழியை மறிக்காதீர்கள். முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்கி, தடித்த மரத்துக்குப் பின்னால் நின்று, அது போகும்வரை காத்திருங்கள்.

குரங்கு: உணவைக் கையில் ஏந்தி நடக்காதீர்கள். பிடுங்கினால் விட்டுவிடுங்கள். விளிம்பில் குரங்கோடு மல்லுக்கட்டுவது எத்தனை ஆபத்து என்று சொல்லவே வேண்டாம்.

மலைத்தேனீ: செங்குத்துப் பாறைகளில் அடை கட்டியிருக்கும். கண்ணில் பட்டால் கூச்சல், புகை, கல்லெறிதல் எதுவும் கூடாது. கொட்டத் தொடங்கினால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு விளிம்புக்கு எதிர்த் திசையில் போங்கள்.

அட்டை: பேண்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். கடித்திருந்தால் நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுக்கலாம், அல்லது உப்பு முடிச்சை வைக்கலாம். பிடித்து இழுக்க வேண்டாம். இரத்தம் சிறிது நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. கழுவி, துணி கட்டினால் போதும்.

## இன்னும் கீழே போக ஆசையா?

டால்பின் நோஸுக்கும் கீழே எக்கோ பாயிண்ட் என்னும் எதிரொலிப் பாறை இருக்கிறது. பாதை இன்னும் செங்குத்து. முந்தைய பகுதியை முழுத் தெம்போடு முடித்தவர்கள் மட்டும் போகலாம். ஏறும் நேரத்தில் இன்னும் 30 முதல் 45 நிமிடம் கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

அதற்கும் கீழே வெள்ளகவி கிராமமும், அங்கிருந்து பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரைக்கு இறங்கும் வழியும் உள்ளன. 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்கள் எழுந்த காலத்தில் மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து மலைப்பாதைகள் வழியாக நடந்தும் குதிரையிலும் டோலியிலும்தான் மேலே வந்தார்கள். வெள்ளகவி நெடுங்காலம் கால்நடையாக மட்டுமே எட்டக்கூடிய ஊராக இருந்தது. அங்கே போவதென்றால்:

1. வனத்துறை அனுமதி பெறுங்கள். இந்த மலைகள் 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தவை. குரங்கணி விபத்துக்குப் பிறகு 2018-இல் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் இணையதளத்தில் எந்தெந்தப் பாதைகள் திறந்துள்ளன என்று பார்க்கலாம்.
2. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள்.
3. ஊருக்குள் செருப்பு அணிவதில்லை என்பது வெள்ளகவி மக்களின் வழக்கம். எல்லையிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகளையும் ஆட்களையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

## இறங்க முடியாதவர்களுக்கு

தூண் பாறை: ஏறக்குறைய 122 மீட்டர் உயரத்தில் மூன்று பாறைத் தூண்கள் தோளோடு தோள் நிற்கின்றன. செங்குத்து வெடிப்புகள் வழியே பாறை பிளந்து உருவானவை. சாலையிலிருந்து சில அடிகள் நடந்தாலே காட்சிமேடை. பனி மூடியிருந்தால் உடனே கிளம்பாமல் கால் மணி நேரம் காத்திருங்கள், திரை விலகும்.

குணா குகை: 1991-இல் 'குணா' படத்தால் இந்தப் பெயர் பெற்றது. 2006-இல் கேரள இளைஞர் ஒருவர் இதன் பிளவுக்குள் விழுந்து நண்பரால் மீட்கப்பட்டார். 2024-இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' அந்தக் கதைதான். தள்ளி நின்று பார்க்க வேண்டிய இடம். கம்பியைத் தாண்டும் எண்ணமே வேண்டாம்.

கோக்கர்ஸ் வாக்: 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த, ஒரு கி.மீ. நீள நடைபாதை. டால்பின் நோஸிலிருந்து தெரியும் அதே தெற்குச் சமவெளியை இங்கிருந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி பார்க்கலாம்.

## விபத்து நேர்ந்தால்

1. விழுந்தவரைப் பார்க்க நீங்கள் இறங்காதீர்கள். ஒருவர் விழுந்த இடத்தில் இரண்டாமவரும் விழுவது மலை விபத்துகளில் வழக்கமாக நடப்பது.
2. குரல் கொடுத்து நினைவு இருக்கிறதா என்று பாருங்கள். "அசையாதீங்க, ஆள் வருது" என்று சொல்லுங்கள்.
3. 112 அல்லது 108-ஐ அழையுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் ஒருவர் காயம்பட்டவருக்குக் குரல் கேட்கும் தூரத்தில் இருக்க, இரண்டு பேர் மேலே உள்ள கடைகளுக்கு ஏறட்டும். பாதையும் சரிவும் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.
4. கணுக்கால் பிசகினால் ஷூவைக் கழற்றாதீர்கள். வீங்கிவிட்டால் மறுபடி போட முடியாது. இறுக்கிக் கட்டி, தோள் கொடுத்து ஏற்றுங்கள்.

## மேலே வந்த பிறகு

ஷூவைக் கழற்றி விரலிடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குப்பைப் பையை நகரத் தொட்டியில் போடும்வரை கையோடு வைத்திருங்கள். விடுதியில் யாரிடம் சொல்லிவிட்டு வந்தீர்களோ அவருக்கு, திரும்பிவிட்டோம் என்று போன் செய்யுங்கள். இறங்கும்போது தள்ளிப்போட்ட ரொட்டி ஆம்லெட்டை இப்போது சொல்லலாம். கடன் அடைந்துவிட்டது.